கோயில் கல்லில் ஒரு வருஷம், பள்ளிப் பலகையில் ஒரு வருஷம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: திருநெல்வேலிக்குத் தெற்கே உங்கள் அம்மா ஊரில் ஒரு டி.டி.டி.ஏ. (திருநெல்வேலிக் கிறிஸ்தவத் திருமண்டலத்தின்) தொடக்கப்பள்ளி இருக்கிறது, அதன் பலகையில் 1840-களில் ஒரு வருஷம் போட்டிருக்கிறது, ஒட்டினாற்போல் நிற்கும் கோயிலின் (எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ ஆலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம்) கல்லிலோ அதற்கு முப்பது நாற்பது வருஷம் கழித்து ஒரு தேதி. கோயிலே இல்லாத ஊரில் கோயில் பள்ளிக்கூடம் எப்படி வந்தது, பலகையில் யாராவது பெருமைக்காகக் கூட்டிப் போட்டார்களா, அப்புறம் இது அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் சந்தேகத்துக்கு உடனே சொல்லிவிடலாம். பலகை அனேகமாகச் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்து ஊர்களில் பள்ளிக்கூடம்தான் மூத்த பிள்ளை, கல் கோயில் ரொம்பத் தாமதமாகப் பிறந்த கடைக்குட்டி.

என் அப்பா இப்படிப்பட்ட பள்ளிகளில்தான் காலமெல்லாம் வாத்தியாராக இருந்தார், ஊரில் எல்லோருக்கும் 'சார்வாள்'. நான் படித்ததும் அவரிடமேதான், அதனால் வீட்டில் வாங்க வேண்டிய அடியையும் சேர்த்துப் பள்ளியிலேயே வாங்கியிருக்கிறேன். அவர் ஓய்வு பெற்ற பிறகு பழைய பதிவேடுகளையும் மிஷன் அறிக்கைகளையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்தப் பள்ளிகளின் வரலாற்றை எந்த வெள்ளைக்கார ஐயர் (பாதிரியாரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) தொடங்கினார் என்று தேடினால் பாதிதான் கிடைக்கும். வாத்தியாருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள் என்று காலவரிசையில் பார்த்துக்கொண்டே போனால் முழுசும் கிடைத்துவிடும்.

கட்டிடத்திலிருந்து தொடங்குகிறேன். 1830, 40-களில் ஒரு ஊரில் பத்து இருபது குடும்பம் வேதத்தில் சேர்ந்தால் (கிறிஸ்தவரானவர்களை அந்தக் காலத்தில் 'வேதத்தில் சேர்ந்தவர்கள்' என்றுதான் சொல்வார்கள்) முதலில் எழும்புவது ஒரு ஓலைக் கொட்டகை. பனை மட்டை, பனை ஓலை, பனங்கை, எல்லாமே ஊரிலேயே கிடைப்பது. பகலில் அதில் பிள்ளைகள் மணலில் அ, ஆ எழுதுவார்கள், சாயங்காலம் வேலை முடிந்து வரும் பெரியவர்கள் அதே தரையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில். கணக்கில் எழுதும்போது மட்டும் ஒரு அறிக்கையில் 'ஜெபவீடு', இன்னொன்றில் 'பள்ளிக்கூடம்'. ஆளும் ஒருவர்தான், உபதேசியார், அதாவது குருவானவருக்குக் கீழே ஊர்ச் சபையைக் கவனிக்கும் ஊழியர். காலையில் மணி அடிப்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, மத்தியானத்துக்கு மேல் வீடு வீடாகப் போவது, நோயாளிக்கு மருந்து வாங்கித் தருவது, வழக்கு என்றால் தாலுகா கச்சேரிக்குக் கூடப் போவது, ராத்திரி பெரியவர்களுக்கு ஞானோபதேசக் கேள்வி பதில் மனப்பாடம் பண்ணவைப்பது எல்லாம் அவர் தலையில்.

கோயில் எவ்வளவு தாமதமாக வரும் என்பதற்கு நல்ல உதாரணம் இடையன்குடி. கால்டுவெல் ஐயர் அங்கே வந்தது 1841. இன்றைக்கு நாம் பார்க்கிற பெரிய கோயிலுக்கு வேலை தொடங்கியது 1847, பிரதிஷ்டை நடந்தது 1880. நடுவில் முப்பத்துமூன்று வருஷம். அந்தக் காலம் முழுக்க அங்கே பள்ளி நடந்துகொண்டுதான் இருந்தது, தலைமுறையே மாறிவிட்டது. மெஞ்ஞானபுரம் கொஞ்சம் வேகம், ஜான் தாமஸ் ஐயர் அங்கே வந்து பத்து வருஷத்துக்குள், 1847-ல், கோயிலைத் திறந்துவிட்டார், பிற்பாடு அதற்கு 192 அடி உயரக் கோபுரமும் வந்தது. ஆனால் அது சேகரத்தின் (ஒரு குருவானவருக்குக் கீழே வரும் பல ஊர்ச் சபைகளின்) தலைமை ஊர். சுற்றிலும் இருந்த சின்ன ஊர்களுக்கு இந்த யோகம் இல்லை, அங்கெல்லாம் கொட்டகைதான், அடுத்து மண்சுவர், அதற்கும் அடுத்து ஓட்டுக்கூரை. கல் கோயில் வருவதற்குள் நூற்றாண்டு முடிந்துவிடும். உங்கள் அம்மா ஊர் இந்த வகை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். தமிழ்நாட்டில் புராட்டஸ்டண்ட் (சீர்திருத்தச் சபை) மிஷன் பள்ளிக்கூடம் என்ற ஏற்பாடே தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு காலத்தில் ஆரம்பித்தது, அடுத்த வருஷமே பள்ளி வைத்துவிட்டார்கள், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. திருநெல்வேலிச் சீமைக்கு அது வந்துசேர எழுபது வருஷம் ஆனது. 1778-ல் குளோரிந்தா என்ற பிராமண விதவை சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார், அவர் முயற்சியில் பாளையங்கோட்டையில் 1785-ல் எழுந்த சின்னக் கோயிலை இன்றும் 'பாப்பாத்தி கோயில்' என்றுதான் சொல்கிறோம். நகரத்தை விட்டுத் தேரிக்காட்டு (செம்மணல் காட்டு) பக்கம் வேதம் போனது அடுத்த கட்டம். சாத்தான்குளத்துப் பக்கத்து டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் தன் சொந்தக்காரர்களிடமே பிரசங்கம் பண்ணி, சேர்ந்தவர்களுக்குத் தொல்லை வந்தபோது அவர்களுக்கென்று தனியாக நிலம் வாங்கி 1799-ல் ஒரு ஊரை உண்டாக்கினார்கள். முதலில் உண்டான ஊர் என்பதால் முதலூர். கவனியுங்கள், இதையெல்லாம் தரையில் நின்று செய்தது உள்ளூர்க்காரர், கையில் பெரிய பணம் இல்லாதவர்.

பெரிய அளவில் பள்ளிகள் பெருகியது 1816-க்குப் பிறகு. அந்த வருஷம் பாளையங்கோட்டைக்குக் கம்பெனிப் படையின் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், இங்கே சபைகள் கவனிப்பாரில்லாமல் கிடப்பதைப் பார்த்துப் பள்ளிகள் தொடங்கினார், இங்கிலாந்தின் சி.எம்.எஸ். என்ற மிஷன் சங்கத்துக்கு எழுதி ஆள் கேட்டார். அப்படி 1820-ல் வந்தவர்தான் ரேனியஸ் ஐயர். பதினெட்டு வருஷம் இங்கே இருந்து 1838-ல் இங்கேயே இறந்தவர். இவரிடம் எனக்குப் பிடித்த விஷயம், ஊர் ஊராகப் பள்ளி திறப்பதற்கு முன்னால் வாத்தியாரை உண்டாக்க வேண்டும் என்று புரிந்துவைத்திருந்தது. பாளையங்கோட்டையில் உபதேசியார்களைப் பயிற்றுவிக்க ஒரு ஏற்பாடு, தமிழில் இலக்கணம், 'பூமி சாஸ்திரம்' என்று ஒரு பாடநூல். 1830-ல் தரும சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார், கிராமங்களில் வீட்டு மனையும் பள்ளிக்கும் ஜெபவீட்டுக்கும் இடமும் வாங்குவதற்காக. இது ஏன் முக்கியம் என்றால், மிராசுதார் நிலத்தில் குடியிருப்பவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அன்றைக்கே குடிசையைப் பிரித்துப்போடச் சொல்லிவிடலாம். மனை சொந்தமானால்தான் பள்ளிக்கூடம் நிலைக்கும்.

அந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களைச் சும்மா வாசித்துப் பாருங்கள், கதை அதிலேயே இருக்கிறது. நாசரேத், சாயர்புரம், டோனாவூர், சுவிசேஷபுரம், ஆசீர்வாதபுரம், கடாட்சபுரம். டோனாவூர் 1827-ல் ஜெர்மனியின் டோனா பிரபு கொடுத்த பணத்தில் வாங்கிய நிலம், சாயர்புரம் சாயர் என்ற வியாபாரி பெயரில்.

சரி, அதற்கு முன்னால் இங்கே பள்ளிக்கூடமே இல்லையா? இருந்தது. நிறைய இருந்தது. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் ஆரம்பித்து எடுத்த கணக்கில் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், அதில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் பிள்ளைகள். திண்ணைப் பள்ளிக்கூடம் வலுவாக இருந்த தேசம் இது. வெள்ளைக்காரன் வந்துதான் எழுத்தறிவித்தான் என்று சில சபை ஆண்டுமலர்களில் எழுதுவார்கள், அது தப்பு. ஆனால் அந்தத் திண்ணையில் பனையேறுகிறவர் பிள்ளைக்கும் சேரிப் பிள்ளைக்கும் இடம் இருந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. பெண் பிள்ளைக்கும் ஏறக்குறைய இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர்கள் ஏதோ ஒரு கட்சிக்காகப் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

திண்ணையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சுவாரசியமான கிளைக்கதை. 1789-லிருந்து சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற குரு, உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் மணலைப் பரப்பினார், பெரிய பையனை விட்டுச் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் ஊரில் இதற்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர், புதுசு ஒன்றும் இல்லை. அவர் 1796-ல் ஊருக்குத் திரும்பி, மறு வருஷம் இதைப் புத்தகமாகப் போட்டார், அதற்கு 'மதராஸ் முறை' என்று பெயரே வந்துவிட்டது. 1811-ல் இங்கிலாந்து திருச்சபை ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த ஒரு தேசியச் சங்கம் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட முறை இதுதான். ஆக இங்கிலாந்தின் கிராமத்துக் கோயில் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மணலில் எழுதியது நம் திண்ணை வழக்கத்தைப் பார்த்து. பிற்பாடு மிஷனரிகள் அந்த முறையை 'நவீனக் கல்வி' என்று நமக்கே கொண்டுவந்தார்கள். என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஐந்து வகுப்பையும் இரண்டே பேர் பார்த்துக்கொண்ட பள்ளியில் நாலாங்கிளாஸ் பையனை ஒன்றாங்கிளாஸுக்கு அனுப்பாமல் அவர் ஒரு நாளும் ஓட்டியதில்லை.

சட்டாம்பிள்ளை என்ற பெயரிலேயே ஒரு மனிதர் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அருமைநாயகம் என்பது இயற்பெயர், ஜி.யு. போப் 1842-ல் தொடங்கிய சாயர்புரம் செமினரியில் படித்தவர். மிஷனரியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து 1857-ல் நாசரேத் பக்கத்தில் இந்து கிறிஸ்தவ சபை என்று தனிச்சபையே தொடங்கிவிட்டார். பணமும் வேண்டாம் அதிகாரமும் வேண்டாம் என்று மிஷனையே மறுத்தவர் மிஷன் பள்ளியில் படித்தவர்தான். கால்டுவெல் 1849-ல் பனையேறும் நாடார் சமூகத்தைப் பற்றி இழிவாக ஒரு சிறுபுத்தகம் எழுதியதற்கு எதிராகப் பின்னால் கடுமையாக எழுந்தவர்களும் இதே பள்ளிகளில் எழுத்துப் படித்தவர்கள். படிக்கவைத்தால் இது நடக்கத்தான் செய்யும்.

இப்போது சம்பளக் கதைக்கு வருகிறேன்.

முதல் கட்டத்தில் சம்பளம் மிஷன் கொடுத்தது, அதாவது இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊர்க் கோயிலில் காணிக்கைப் பெட்டியில் விழுந்த காசு. மாதம் சில ரூபாய்தான், அதுவும் கையில் வர நாள் ஆகும். பாக்கியை ஊர் பார்த்துக்கொண்டது. கைப்பிடி அரிசி தெரியுமா? சோறு பொங்கும்போது வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள், வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். கருப்பட்டி, முட்டை, கோழி, ஓலைப்பெட்டி எல்லாம் காணிக்கையாக வரும். பண்டிகையில் அதை ஏலம் விடுவார்கள். இந்த அரிசியும் கருப்பட்டியும் எந்த நன்கொடையாளர் பட்டியலிலும் ஏறாது, கல்வெட்டிலும் வராது. கல்வெட்டில் டோனா பிரபு இருப்பார்.

அந்த வாத்தியாருக்கு வருஷத்தில் பாதி எதிரி பனைதான். பங்குனி வாக்கில் பதநீர் இறங்க ஆரம்பித்துவிட்டால் ஆவணி வரை குடும்பமே பனங்காட்டில் விடிலி போட்டுத் தங்கிவிடும். அப்பன் விடியுமுன்னே மரத்தில், அம்மா காய்ச்சும் பானைக்கு முன்னால், பெரிய பெண் பிள்ளை இடுப்பில் கைக்குழந்தை, பையன் சுள்ளி பொறுக்கப் போயிருப்பான். பள்ளியில் யார் இருப்பார்கள்? உபதேசியார் விடிலி விடிலியாக நடந்து பிள்ளைகளைப் பிடித்துவருவார் அல்லது அங்கேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். என் அப்பா காலத்தில்கூட வைகாசி, ஆனியில் வருகை படுத்துவிடும். அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் பிள்ளைகளைத் தேடித் தேரிக்காட்டுக்குள் ஓடியதை அவர் ஒரு வீரக்கதை மாதிரி சொல்வார்.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு மாதிரி. அவர்களைப் பள்ளிக்கு அனுப்ப எழுத்து மட்டும் போதுமான காரணமாக இல்லை, கையில் காசு வரும் ஒரு வேலை தேவைப்பட்டது. நாகர்கோவில் மிஷனரி மால்ட் ஐயரின் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்கு வந்தார். இங்கேயே வளர்ந்தவர், தமிழ் தாய்மொழி மாதிரி. பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வைத்து, கூடவே தன் தாய்வீட்டுப் பழக்கமான லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். லேஸ் பின்னிய பெண்ணின் மகள் வாத்திச்சியானாள். ஒரு தலைமுறை தாண்டினால் டீச்சர்கள் இல்லாத கிறிஸ்தவ வீடே அந்தப் பக்கம் இல்லை என்ற நிலை வந்தது. இன்றைக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பெண் பார்க்கப் போனால் 'பொண்ணு டீச்சரா' என்று கேட்பதன் வேர் எங்கோ அந்த லேஸ் நூலில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாம் கட்டம் 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி ஆணையோடு ஆரம்பிக்கிறது. எல்லாப் பள்ளியையும் அரசே நடத்த முடியாது, தனியார் நடத்தும் பள்ளிக்கு உதவித்தொகை தரலாம் என்றது அது. மிஷனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஆனால் சும்மா தரவில்லை. 1860-களில் 'ரிசல்ட் கிராண்ட்' என்று ஒரு ஏற்பாடு வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார், தேறின பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாடத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பணம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் வாத்தியாருக்குச் சம்பளம் குறையும். மனப்பாடம் என்ற வியாதி நம் தொடக்கப்பள்ளிகளில் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு ஞானோபதேசக் கேள்வி பதில் ஒரு காரணம் என்றால் இந்த ரிசல்ட் கிராண்ட் இன்னொரு காரணம். 1904-ல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொல்லியது. அதற்குள் இரண்டு தலைமுறை வாத்தியார்கள் இன்ஸ்பெக்டரைக் கண்டால் எழுந்து நிற்கப் பழகிவிட்டார்கள்.

கிராண்ட் வந்ததில் கவனிக்க வேண்டிய இன்னொரு மாற்றம், உபதேசியாரும் வாத்தியாரும் மெல்லப் பிரிந்தது. அரசுப் பணம் வாங்குகிறவருக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், வருகைப் பதிவேடு வேண்டும், நேர அட்டவணை வேண்டும். 1876 முதல் 78 வரையிலான தாது வருஷப் பஞ்சமும் அதை ஒட்டிய வருஷங்களும் பல ஆயிரம் பேரைச் சபைக்குள் கொண்டுவந்ததால் புதுப் பள்ளிகளும் அவசரமாகத் தேவைப்பட்டன. பாளையங்கோட்டைப் பயிற்சிப் பள்ளிகளில் படித்து வந்த வாத்தியார் ஊருக்கு ஊர் உட்கார்ந்தார். இந்த மண்ணிலிருந்து போன வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவர் மகனாகப் பிறந்தவர், பின்னால் 1912-ல் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்குப் பேராயரானார். அங்கே அவர் கையாண்டதும் கிராமத்துக்கு ஒரு வாத்தியார் - உபதேசியார் என்ற நம் பழைய ஏற்பாட்டைத்தான்.

நிர்வாகப் பெயர்களை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். இங்கே சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்று இங்கிலாந்தின் இரண்டு மிஷன் சங்கங்கள் ஆளுக்கொரு பகுதியாக வைத்திருந்தன. 1896-ல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனம் (ஒரு பேராயருக்குக் கீழே வரும் திருமண்டலம்) ஆனது, 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சொத்துகள் திருநெல்வேலி டயோசீசன் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பதால்தான் பள்ளிப் பெயருக்கு முன்னால் அந்த நாலெழுத்து. 2003-ல் தூத்துக்குடி - நாசரேத் திருமண்டலம் பிரிந்துபோனது, அந்தப் பக்கத்துப் பள்ளிகள் டி.என்.டி.டி.ஏ. உங்கள் ஊர்ப் பலகையில் எது இருக்கிறதோ அதை வைத்து எந்த அலுவலகத்தில் போய் விசாரிப்பது என்று தெரிந்துகொள்ளலாம். பழைய பலகையை மாற்றாமலே விட்ட ஊர்களும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

மூன்றாம் கட்டம்தான் என் அப்பா தலைமுறையைக் காப்பாற்றியது. சுதந்திரத்துக்குப் பிறகும் உதவி பெறும் பள்ளி வாத்தியார் என்றால் ஓய்வு பெற்ற மறுநாள் வெறுங்கை. 1955-ல் காமராஜர் ஆட்சியில் ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்பீடு மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் வந்தது, உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கும் சேர்த்து. எங்கள் வீட்டில் யேசுவின் படத்துக்குப் பக்கத்தில் காமராஜர் படம் மாட்டியிருந்ததற்குக் காரணம் அரசியல் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் பென்ஷன். 1956-ல் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு என்று வந்ததில் பனங்காட்டுக்கும் பள்ளிக்கும் நடந்த போட்டியில் பள்ளி ஒருவழியாக ஜெயித்தது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. அரசுப் பள்ளியா தனியாரா? இரண்டும் கலந்தது. 'அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளி' என்பது முறையான பெயர். அனுமதிக்கப்பட்ட பணியிடத்து ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, புத்தகமும் சீருடையும் சத்துணவும் அரசு, பிள்ளைகளிடம் கட்டணம் கிடையாது. நிலமும் கட்டிடமும் திருமண்டலத்தினுடையது, ஆசிரியரை நியமிப்பது தாளாளர் கையில். அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிலையம் நடத்தும் உரிமையைத் தருகிறது, 1973 தனியார் பள்ளிச் சட்டத்தின் இடத்தில் பின்னர் வந்த 2018 சட்டம் அதற்குள் ஒழுங்குமுறை சொல்கிறது. கைப்பிடி அரிசியில் வாத்தியாரைக் காப்பாற்றிய சபைக்கு இப்போது சம்பளச் சுமை இல்லை, நியமன அதிகாரம் மட்டும் இருக்கிறது. அதிகாரம் இருந்து செலவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா, திருமண்டலத் தேர்தல் நேரத்தில் சுவரொட்டிகளைப் பார்த்தாலே போதும். சபைக்காரர்கள் என் மேல் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

மதமாற்றத்துக்காகத்தானே பள்ளி வைத்தார்கள் என்று யாராவது அடுத்து கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆமாம், அந்த நோக்கம் இருந்தது, மிஷனரிகளே ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். சீர்திருத்தச் சபைக்காரனுக்கு வேதம் வாசிக்கத் தெரியாத விசுவாசி பாதி விசுவாசிதான், அதனால் எழுத்து கட்டாயம். ஊர்க்காரர்களுக்கும் அவரவர் கணக்கு இருந்தது: பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைக்கக்கூடாது, கச்சேரியில் நமக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும். நான் படித்த வகுப்பில் பாதிக்குமேல் சுடலைமாடன் கொடைக்குப் போகிற பிள்ளைகள். அவர்களும் காலை ஜெபத்தில் எங்களைவிடச் சத்தமாகப் பாடுவார்கள், கிறிஸ்துமஸ் நாடகத்தில் யோசேப்பாக நடித்தவன் பெயர் சுடலைமுத்து. அவன் இன்றைக்கும் சுடலைமுத்துதான்.

இப்போதைய நிலைமை நன்றாக இல்லை. பனைத்தொழில் ஒடுங்கியது, குடும்பங்கள் சென்னை, மும்பை என்று கடை வைக்கப் போயின, ஊரில் மிஞ்சிய பிள்ளைகளை அழைத்துப்போக ஆங்கிலப் பள்ளி வேன் காலை ஏழரைக்கே வந்து நிற்கிறது. பிள்ளை எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆவார், பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார், ஆசிரியர் போனால் இன்னும் நாலு பிள்ளை குறையும். 2022-ல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு ஆரம்பித்தபோது எதிரே இருக்கும் பஞ்சாயத்துப் பள்ளிப் பிள்ளைக்குப் பொங்கல் கிடைக்க, இங்கே படிக்கும் அவன் தம்பிக்குக் கிடைக்காத வேடிக்கையெல்லாம் நடந்தது. 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளில்தான் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் அதை விரித்தார்கள். தொடங்கிவைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஒரு கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளி என்பது பொருத்தம்தான்.

உங்கள் ஊர்ப் பள்ளியின் வருஷத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்றால், சி.எம்.எஸ். காகிதங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலும் எஸ்.பி.ஜி. காகிதங்கள் ஆக்ஸ்ஃபோர்ட் போட்லியன் நூலகத்திலும் இருக்கின்றன. அச்சான ஆண்டறிக்கைகள் பல இணையத்திலேயே கிடைக்கும். தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள், இடையன்குடியை 'எடெயென்கூடி' என்றும் முதலூரை 'மூடலூர்' என்றும் எழுதிய ஆட்கள் அவர்கள். ஊர்ப் பெயர் சிக்காவிட்டால் சேகரத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள், உபதேசியார் பட்டியலில் ஊர் வந்துவிடும். 'நற்போதகம்' என்ற திருமண்டலப் பத்திரிகையின் பழைய இதழ்களும் உதவும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மிகப் பழையது அலமாரிக்கு மேலே துணியில் கட்டிக் கிடக்கும், கரையான் போக மிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம். அதில் உங்கள் அம்மா பெயரைத் தேடுங்கள், முடிந்தால் பாட்டி பெயரையும். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'பனைத்தொழில்' என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும், ஏதோ ஒரு வருஷத்திலிருந்து 'வியாபாரம்', 'ஆசிரியர்' என்று மாற ஆரம்பிக்கும். அந்த வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள், பாதிப் பேருக்கு மே, ஜூன் மாதத்தில்தான் இருக்கும். பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்ததாகக் காட்டுவதற்காக என் அப்பா மாதிரி ஒரு சார்வாள், கையால் தலையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவராகவே போட்ட தேதி அது.